ஏழு திரைகள்

பத்து வரை எண்ணினேன். சத்தியமாகப் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் கதவை மூடினேன். தரிப்பிடத்தில் ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லாத இடத்தில் பஸ்ஸை நிறுத்தி, முன்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மழைச்சாரல் உள்ளே அடிக்க அடிக்கப் பத்து வரை எண்ணுகிற ஒரு சாரதியைக் கோபன்ஹேகனில் காட்டுங்கள் பார்ப்போம். அங்கே மூன்று எண்ணுவதற்குள் பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடித்தே காதைச் செவிடாக்கிவிடுவான். ஆகவே என்னில் பிழை இல்லை. செவ்வாய்க்கிழமை ஒன்பது இருபத்திரண்டுக்கு ஆஸ்டா அங்கே நிற்க வேண்டும், நீல மழைக்கோட்டு, சில்லு வைத்த துணிப்பை, எண்பத்து நான்கு வயது, கடைக்குப் போய்வர. நிற்கவில்லை. இன்றைக்குக் கடைக்குப் போக மனமில்லை, அவ்வளவுதான், மழை. மழைக்குப் பயந்து ஆஸ்டா வீட்டில் இருந்ததை இந்த ஐந்து மாதத்தில் நான் ஒருநாளும் காணவில்லை, அது வேறு விஷயம். தரிப்பிடத்துக்குப் பின்னால் அவருடைய மஞ்சள் வீடு, சமையலறை யன்னல் ரோட்டைப் பார்த்தபடி, யன்னலில் வெள்ளைத் திரை, கயிற்றைப் பிடித்து இழுத்தால் மேலே சுருண்டு போகிற திரை. அது கீழே இருந்தது. அரைவாசி கூட இல்லை, முழுக்கக் கீழே. பார்த்தேன். எட்டு எண்ணும்போது பார்த்தேன், ஒன்பது எண்ணும்போதும் பார்த்தேன், பத்தில் கதவை மூடினேன், இப்போது பஸ் தேவாலயத்தைத் தாண்டி இறக்கத்தில் போகிறது, வைப்பர் இரண்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று ஆடுகின்றன, கீழே மேலே கீழே மேலே என்று என் வாய் சொல்லிக்கொண்டு வருகிறது.

இந்த வேலையை எனக்கு ஒப்படைத்த பிரெபென் முப்பத்தொரு வருடம் இதே பஸ்ஸை இதே ரோட்டில் ஓட்டிய ஆள். தீவில் ஒரே பஸ், ஒரே ரோட்டு, பதினேழு கிலோமீற்றர் வட்டம், டிக்கெட் கிடையாது, ஏறினவரை ஏற்றி இறங்குகிறவரை இறக்க வேண்டியதுதான். முதல் நாள் பக்கத்தில் இருந்து ரோட்டைக் காட்டுவார் என்று பார்த்தால் மனிதர் வீடுகளைக் காட்டினார். பிரெபென் டேனிஷில்தான் சொன்னார், ஆனால் இந்த ஊர்ச் சனம் சொல்வதெல்லாம் என் மண்டைக்குள் யாழ்ப்பாணத் தமிழாக மாறித்தான் கிடக்கிறது. "பஸ் ஓடுறது பெரிய வேலையில்லை. யன்னல் பாக்கிறதுதான் வேலை," என்றார். தனியாக இருக்கிற வயதானவர்கள் காலையில் எழும்பினதும் ரோட்டுப் பக்கத்துத் திரையைத் தூக்கிவிடுவார்கள், தூக்கினால் ஆள் சுகம் என்று அர்த்தம், எட்டு மணிக்குப் பிறகும் கீழே கிடந்தால் போகிறவர் வருகிறவர் யாரென்றாலும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், கதவு பூட்டியிருக்காது. மொத்தம் ஏழு திரை. எழுதித் தரவில்லை, விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்கெல்லாம் கோபன்ஹேகனில் கைமணிக்கூடு மாதிரி ஒன்று கட்டிவிடுவார்கள், விழுந்தால் அமத்த வேண்டும், எங்கோ ஒரு கந்தோரில் ஒரு பெட்டை தொலைபேசியை எடுப்பாள். இங்கேயும் அது இருக்கிறதாம். ஆஸ்டா அதை மேசை லாச்சிக்குள் போட்டு வைத்திருக்கிறார், முட்டைப்பெட்டி லேபல்களோடு. ஏன் கட்டவில்லை என்று ஒருமுறை கேட்டேன். எனக்குத் தெரியாத ஆளிடம் நான் விழுந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது என்றார்.

இறங்கியிருக்கலாம். கைத்தடையை இழுத்துவிட்டு, பதினைந்து எட்டு வைத்தால் வாசல், அவ்வளவுதான் தூரம். ஹோல்கரால் வந்த வினை. இரண்டாவது கிழமை ஹோல்கரின் திரை கீழே கிடந்ததைப் பார்த்துப் பதறியடித்து ஓடினேன், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் மனிதர் பிறந்தமேனிக்கு அடுப்படியில் நின்று கோப்பி ஊற்றிக்கொண்டிருக்கிறார். கயிறு அறுந்துவிட்டதாம். உனக்கும் ஒரு கோப்பி போடவா என்று கேட்டார், அப்படியே திரும்பி, ஒரு கூச்சமும் இல்லாமல். இரண்டு நாளில் தீவு முழுக்கக் கதை. கடைக்காரி சிரித்தாள், கப்பல்காரர் சிரித்தார்கள், ஹோல்கர் ஏறும்போதெல்லாம் இன்றைக்கு உடுப்புப் போட்டிருக்கிறேன் பார் என்று கோட்டை விரித்துக் காட்டுவார். அன்போடுதான் சிரித்தார்கள், தெரியும். ஆனாலும் எனக்குச் சுட்டது. ஐம்பத்தேழு வயதில், வேறொரு ஊரில், தனியாக, சிரிக்கப்படுகிறவனாக இருப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் பத்து எண்ணினேனா? எட்டில் கை கைத்தடைக்குப் போனது. பின்னால் இருந்த இரண்டு பயணிகளில் ஆம்பிளை தொண்டையைச் செருமினான். செருமினானா, சும்மா இருமினானா? என் கை திரும்பி வந்துவிட்டது.

அவர்கள் இரண்டு பேர், புருசனும் பெஞ்சாதியும், கோபன்ஹேகன் ஆட்கள், சப்பாத்தைப் பார்த்தாலே தெரியும். விற்பனைக்குப் போட்டிருக்கிற பழைய பள்ளிக்கூட வீட்டைப் பார்க்க வந்தவர்கள், ஒன்பது ஐம்பது கப்பலைப் பிடிக்க வேண்டும், அதை ஏறும்போது ஒருமுறையும் இருக்கும்போது ஒருமுறையும் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அவள் யன்னல் கண்ணாடியில் கையால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள். என்ன அமைதி, என்ன அமைதி, இங்கே ஒருத்தரும் ஒருத்தரையும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் போல என்கிறாள். அவன் கைப்பேசியைப் பார்த்தபடி ம் என்கிறான். அம்மா, நீ பார்க்கிற அமைதிக்குள் ஏழு திரை இருக்கிறது, நீ வந்து குடியேறி பத்து மணி வரை நித்திரை கொண்டால் கட்டிலடியில் வந்து நிற்பார்கள், கோப்பி வேறு கேட்பார்கள். நானும் இதே அமைதி என்று நினைத்துத்தானே வந்தேன். விளம்பரத்தில் சாரதி தேவை, வாடகைக்குச் சிறிய வீடு உண்டு என்று இருந்தது. கோபன்ஹேகன் வீட்டில் பெஞ்சாதி திலகத்திடம் காட்டியபோது ஆஸ்பத்திரிக் குசினி வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவே இல்லை. தீவான் கடைசியில தீவுக்குத்தான் போவான் என்றாள். வேலணைத் தீவில் பிறந்தவனைக் கட்டின நாளில் இருந்து சொல்கிற பகிடி, யாழ்ப்பாணப் பட்டினத்துக்காரி, சிரித்துக்கொண்டு சொல்வாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை. தன் வேலை இங்கே, கோயில் இங்கே, தமக்கை இங்கே, நீங்கள் போறதெண்டாப் போங்கோ என்றாள். பிறகு இரவுச் சாப்பாடு போட்டுத் தந்துவிட்டு எதிரில் இருந்து, "அங்க தனியக் கிடந்து செத்தீங்கள் எண்டா ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். இங்கே செத்தால் மட்டும் தெரியுமா என்று கேட்க வந்தது, கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

சாம்பல் நிறத் தொப்பி. பின்கதவுக்கு அடுத்த கதிரை, யன்னலோரம். மடியில் கடைப் பை, பைக்கு வெளியே லீக்ஸ் இலை. மூன்று சுற்று, இரண்டு மணி நாற்பது நிமிடம், அந்த மனிதர் கோபன்ஹேகனில் என் பஸ்ஸில் செத்துப்போய் இருந்தார், நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். நிலையத்தடியில் நூறு பேர் ஏறினார்கள், நூறு பேர் இறங்கினார்கள், அவருக்குப் பக்கத்தில் யார் யாரோ இருந்து எழும்பியிருப்பார்கள், முழங்கால் இடித்தால் மன்னிப்பும் கேட்டிருப்பார்கள், எல்லார் காதிலும் ஒரு வயர். கண்ணாடியில் அந்தத் தொப்பியை நான் குறைந்தது பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். நித்திரை என்று நினைத்தேனா? அப்படி நினைத்ததாகக் கூட ஞாபகம் இல்லை, அதுதான் கரைச்சல், ஒன்றுமே நினைக்கவில்லை. கடைசித் தரிப்பிடத்தில் போய்த் தோளைத் தொட்டேன். பொலிஸ்காரி வந்தாள், சின்னப் பிள்ளை, கொப்பியைத் திறந்துகொண்டு ஒரே ஒரு கேள்விதான் திரும்பத் திரும்பக் கேட்டாள், எங்கே ஏறினார்? தெரியாது என்றேன். சுமாராக? தெரியாது. எத்தனை மணிக்கு? தெரியாது என்று மூன்றாம் தரமும் சொன்னபோது என் சத்தம் எனக்கே யாரோ ஒருவருடையது போலக் கேட்டது. அவள் கோபிக்கவில்லை. பரவாயில்லை, ஒருத்தருக்கும் தெரிவதில்லை என்று கொப்பியை மூடினாள். அடுத்த நாள் அதே பஸ், அதே ரோட்டு, அந்தக் கதிரையில் ஒரு கர்ப்பிணிப் பெண் இருந்தாள்.

துறைமுகம் வந்துவிட்டது. ஒன்பது நாற்பது. இருவரும் நன்றி சொல்லி இறங்குகிறார்கள், அவள் கண்களில் இன்னும் அந்த அமைதி. கப்பல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, பாலத்தடியில் ஓலூஃப், மஞ்சள் மேலங்கி, கயிறு கட்டுகிற ஆள், தீவை விட்டுப் போகிறவர் வருகிறவர் எல்லார் கணக்கும் அவர் நாக்கில். இறங்கிப் போய்ச் சும்மா கேட்பது போலக் கேட்டேன், ஆஸ்டா நேற்று அக்கரைக்குப் போனாரா என்று. அவருக்கு அக்கா ஒருவர் இருக்கிறார் ஃபூன் தீவில், போய் நின்றிருக்கலாம், போயிருந்தால் எல்லாம் சரி, மழையும் சரி, திரையும் சரி. ஓலூஃப் கயிற்றை விடாமலே என்னைப் பார்த்தார். "ஆஸ்டா ஈஸ்டருக்குப் பிறகு கப்பல் ஏறேல்லை. ஏன், திரை கீழயோ?" என்று கேட்டார். இல்லை, சும்மா கேட்டேன் என்று சொன்னேன். இல்லை என்று சொன்னேன். என் வாய்தான் சொன்னது. கீழே என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மனிதர் பையில் இருந்து கைப்பேசியை எடுத்து ஒரு நிமிடத்தில் மூன்று வீட்டை எழுப்பியிருப்பார். ஆனால் கீழே என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், பிறகு நீ உள்ளே போய்ப் பார்த்தாயா என்று. அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. ஒரு கிழவியின் உயிரை விட எனக்கு என் முகம் பெரிதாகிவிட்டது, வேறு என்ன சொல்ல. அவர் தலையை ஆட்டிவிட்டுக் கயிற்றுக்குத் திரும்பினார், நான் பஸ்ஸுக்குத் திரும்பினேன்.

திரும்பிப் போனாலும் சுற்றிப் போனாலும் ஒரே தூரம், ஆஸ்டா வீட்டில் இருந்து துறைமுகம் வட்டத்தின் சரி பாதி. சுற்றிப் போனால் வழக்கம் போலப் போகிறேன் என்று இருக்கும். சுற்றித்தான் போகிறேன். நேரத்துக்கு முன்னாலேயே வெளிக்கிட்டுவிட்டேன், ஒன்பது நாற்பத்து நான்கு, இந்த ரோட்டில் அறுபது ஓடக் கூடாது, ஓடுகிறேன், வெறும் பஸ் கதிரைகள் எல்லாம் பின்னால் கடகடவென்று அடிக்கின்றன. இந்தப் பக்கத்தில் இரண்டு திரை, ஹோல்கருடையது மேலே, புதுக் கயிறு, காற்றாலைக்குப் பக்கத்து வீடு மேலே. பிரெபெனை அழைக்கலாம். இலக்கம் முன்னாலேயே ஒட்டியிருக்கிறது. பிரெபென் ஒன்றும் சொல்ல மாட்டார், ஒரு நொடி பேசாமல் இருப்பார், அந்த ஒரு நொடி எனக்கு வேண்டாம். ஆஸ்டா நித்திரை. ஆஸ்டா குளிக்கிறார். ஆஸ்டாவின் திரைக் கயிறும் அறுந்திருக்கிறது, ஹோல்கருக்கு அறலாம் என்றால் ஆஸ்டாவுக்கும் அறலாம். ஆஸ்டா சமையலறைக் கதிரையில் இருக்கிறார், தலையில் சாம்பல் நிறத் தொப்பி, இல்லை, ஆஸ்டா தொப்பி போடுவதில்லை. என் வீடு வருகிறது. வாடகை வீடு, சிவப்புக் கல், வாசலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. நானே பூட்டிவிட்டு வந்த கதவு, தீவில் பூட்டுகிற ஒரே கதவு என்று கடைக்காரி பகிடி பண்ணுவாள். திரை கீழே. எப்போதும் கீழேதான். கோபன்ஹேகனில் எதிர்வீட்டுக்காரன் பார்க்காமல் இருக்க இழுத்துவிட்ட பழக்கம், இங்கே எதிரில் கோதுமை வயலும் கடலும்தான், ஆனாலும் கை தானாக இழுத்துவிடுகிறது. உள்ளே ஒரு தட்டு, ஒரு கோப்பை, திலகம் தந்துவிட்ட மிளகாய்த்தூள் போத்தல். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கேட்டாள், என்ன சத்தமே இல்லை, நிற்கிறீங்களா என்று. நிற்கிறேன் என்றேன். பிறகு அவள் பக்கத்தில் ரயில் போகிற சத்தம் கேட்டது, அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நான் அந்தச் சத்தத்தில் இருந்து ஓடி வந்தவன். எங்கே போனாலும் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் ஒரு ஆள், நான் பார்க்காமல் ஓட்டுகிறேன். வளைவு. தேவாலயக் கோபுரம். அவர் எங்கே ஏறினார். வளைவு. திரை மேலே இருந்தால் இனி ஒருநாளும் பொய் சொல்ல மாட்டேன் என்று யாரிடமோ பேரம் பேசிக்கொண்டு வருகிறேன், அறுபத்தைந்தில். மஞ்சள் வீடு. கீழே.

கதவு பூட்டியில்லை. கைத்தடை இழுத்தேனா என்பது கூட ஞாபகம் இல்லை, வாசலில் அவருடைய ரப்பர்ச் சப்பாத்து, சில்லுப் பை, நீல மழைக்கோட்டு கொழுவியபடி, ஆயத்தமாக. ஆஸ்டா சமையலறை நிலத்தில் கிடந்தார், ஒரு கால் பிழையான பக்கம் திரும்பியிருந்தது, பக்கத்தில் சரிந்த கதிரை, கையில் அறுந்த திரைக்கயிறு. ஏறி நின்று இழுத்திருக்கிறார். கண் திறந்திருந்தது. நான் கதவடியிலேயே நின்றுவிட்டேன், திறந்த கண் என்றால் உயிரோடும் இருக்கலாம், செத்தும் இருக்கலாம் என்று தோன்றியது. பிறகு அந்தக் கண் என் பக்கம் திரும்பியது.

"பத்து மணி ஆச்சோ?" என்று கேட்டார்.

இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது என்று சொன்னேன், ஏதோ அதுதான் முக்கியம் என்பது போல. நிலத்தில் முழந்தாளிட்டு அவர் கையைப் பிடித்தேன், குளிர்ந்து கிடந்தது, என் மேலங்கியைக் கழற்றிப் போர்த்தினேன், கைப்பேசியை எடுத்து அவசர இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னேன், ஹெலிகொப்டர் வரும், முதலில் தீவுத் தாதி வருவா, ஆஸ்டாவை அசைக்க வேண்டாம் என்றார்கள். இவ்வளவையும் ஒழுங்காகத்தான் செய்தேன். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இருக்கவில்லை, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வந்து நிண்டது கேட்டது. கதவு திறந்ததும் கேட்டது. கூப்பிட்டுப் பாத்தன், மழைச்சத்தம். பிறகு மூடினாய்," என்றார்.

மூடினேன் என்றேன். திரை கீழே கிடந்ததைப் பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் மூடினேன், ஓலூஃப் கேட்டபோதும் இல்லை என்று பொய் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், என் டேனிஷ் இடறி இடறி விழுந்தது, சொல்லி முடிந்ததும் அழுகை வந்துவிட்டது, கால் முறிந்தவர் அவர், அழுகிறவன் நான். அவர் கோபிக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. "சுத்தித்தானே வருவாய் எண்டு கிடந்தன்," என்றார். பிறகு அந்தத் திரையை முதலில் தூக்கிவிடு, போகிற வருகிற ஆட்கள் பயப்படுவார்கள் என்றார். கயிறு அறுந்துவிட்டது என்றேன். கையால் சுருட்டு என்றார். கதிரையை நிமிர்த்தி ஏறி நின்று கையால் சுருட்டினேன். வெளிச்சம் உள்ளே வந்தது. ரோட்டில் பஸ் நின்றது, கதவு திறந்தபடி, எஞ்சின் ஓடியபடி, மழை படிக்கட்டில் விழுந்து வழிந்துகொண்டிருந்தது. மூட வேண்டும் என்று ஒரு நொடி தோன்றியது, பழக்கம். நான் இறங்கிப் போகவில்லை, அவருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன்.

அவரைக் கண் மூட விடக் கூடாது, பேசிக்கொண்டிருங்கள் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல், இந்தத் திரை தூக்குகிற வழக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்தபடி மேலே, இப்போது சுருண்டு போயிருந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ர வீட்டுத் திரை எப்பவும் கீழதானே," என்றார். "முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு நாளும் நாங்கள் பயந்தம். பிறகு பழகிப்போச்சு."

தாதியின் கார் வந்து பஸ்ஸுக்குப் பின்னால் நிற்பது கேட்டது. எழும்பிக் கதவைத் திறக்க வேண்டும் என்று நினைத்தேன், கதவு திறந்துதான் கிடந்தது.